இளம் பிரபஞ்சத்துக்கு அவ்வளவு தூசு எங்கிருந்து வந்தது?

சிங்கப்பூரில் பொங்கோலில் இருக்கும் நண்பர் ஒருவர் தன் மகளின் கேள்வியை என் பக்கம் தள்ளிவிட்டிருக்கிறார். மகள் உயர்நிலை மூன்று படிக்கிறாள். அவள் கேட்டது இது: "பெருவெடிப்பில் ஹைட்ரஜனும் ஹீலியமும்தான் உண்டாயின என்கிறார்கள். பிரபஞ்சத்துக்கு நூறு கோடி வயதுகூட ஆகாதபோதே தூசு நிறைந்த நட்சத்திர மண்டலங்கள் இருந்தன என்றும் சொல்கிறார்கள். ஹைட்ரஜனை வைத்துத் தூசு செய்ய முடியாதே, அது எங்கிருந்து வந்தது?"

அப்பா இரண்டு நாள் யோசித்துப் பார்த்துவிட்டு, தொடக்கக் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் என்ற ஒரே குற்றத்துக்காக என்னைப் பிடித்துக்கொண்டார். பிள்ளை சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறாள். பெரிய பெரிய தொலைநோக்கி வைத்திருப்பவர்களும் இருபது வருஷத்துக்கு மேலாக இதே இடத்தில்தான் மல்லுக்கட்டுகிறார்கள். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் தூசு என்ற சொல்லைப் பார்ப்போம். தீபாவளிக்கு முன் அலமாரி மேலிருந்து துடைத்து எடுக்கிறோமே, அது துணி நார், தோல் செதில், மண். விண்தூசுக்கு அதோடு உறவே இல்லை. என்னைக் கேட்டால் அதைப் புகை என்றே சொல்லியிருக்கலாம். 2013 ஜூன் 21 நண்பகலில் இங்கே பிஎஸ்ஐ என்ற காற்றுமாசுக் குறியீடு 401-ஐத் தொட்டது பலருக்கு நினைவிருக்கும். சுமத்ராவில் காடும் கரிமண்ணும் எரிந்த புகை. அந்த வாரம் ஒரு சாயங்காலம் எங்கள் பதினோராம் மாடி நடைபாதையில் நின்று சூரியனை வெறுங்கண்ணால் பார்த்தேன். கூசவே இல்லை. குங்குமப் பொட்டு மாதிரி சிவப்பாக, விளிம்பு சுத்தமாகத் தெரிந்தது. (புகைமூட்டம் இருந்தாலும் சூரியனை அப்படிப் பார்க்கக் கூடாது, பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்.) நுண்துகள்கள் நீல ஒளியை நிறைய வழிமறிக்கும், சிவப்பு ஓரளவு தப்பித்து வரும். தூரத்து நட்சத்திரங்களுக்கும் இதுவே நடக்கிறது. நம்மைப் படுத்திய பிஎம் 2.5 என்பது 2.5 மைக்ரானும் அதற்குக் குறைவானதும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). விண்தூசு அதைவிடப் பொடி. பெரும்பாலும் 0.3 மைக்ரானுக்குள் அடங்கிவிடும்.

அதில் இரண்டு சாதி உண்டு. ஒன்று கல் வகை: சிலிக்கானும் ஆக்சிஜனும், கூடவே மக்னீசியமும் இரும்பும். இன்னொன்று கரி வகை. கரி இருக்கலாம் என்று 1962-இல் அழுத்திச் சொன்னவர்கள் வானியலாளர்கள் ஃபிரெட் ஹாயிலும், கொழும்பில் பிறந்த சந்திர விக்கிரமசிங்கவும். தூசுக்குள் உயிரே இருக்கிறது என்று விக்கிரமசிங்க பின்னாளில் சொன்னதைத் துறையில் யாரும் பெரிதாக ஏற்கவில்லை. கரி விஷயத்தில் மட்டும் அவர்கள் ஊகம் வீண்போகவில்லை.

இந்தத் தூசு எவ்வளவு அரிது என்பதையும் சொல்லியாக வேண்டும். நம் பால்வெளியில் நட்சத்திரங்களுக்கு நடுவே இருக்கும் வாயுவோடு ஒப்பிட்டால், தூசின் எடை நூறில் ஒரு பங்குதான். 50 மீட்டர் நீச்சல் குளங்கள் நானூறை வரிசையாக வையுங்கள். அத்தனை இடத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு துகள் என்ற கணக்கில் வரும். ஆனால் வழி ஆயிரக்கணக்கான ஒளியாண்டு நீளமாச்சே! பால்வெளியின் மையம் 26,000 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் லட்சம் கோடியில் ஒரு பங்குதான் இங்கே வந்து சேருகிறது. ராபர்ட் டிரம்ப்ளர் 1930-இல் நட்சத்திரக் கொத்துகளை அளந்து இந்த மறைப்பை நிரூபிக்கும்வரை, விண்வெளி பளிங்கு மாதிரி சுத்தம் என்று நினைத்துத்தான் பலரும் தூரங்களைக் கணக்குப் போட்டார்கள். கணக்கெல்லாம் தப்பு.

விழுங்கிய ஒளியைத் தூசு என்ன செய்கிறது? சூடாகிறது. சூடு என்றால் நம் ஊர்ச் சூடு இல்லை, பூஜ்யத்துக்குக் கீழே இருநூற்று சொச்சம் டிகிரி. அந்தக் குளிரிலும் அது அகச்சிவப்பில் ஒளிரும். பிரபஞ்சத்தில் இதுவரை நட்சத்திரங்கள் கொட்டிய ஒளியில் ஏறக்குறைய பாதியைத் தூசு விழுங்கி இப்படி மாற்றி அனுப்பியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டும் பார்த்து வானியல் செய்தவர்கள் பாதிக் கதையைத்தான் படித்திருக்கிறார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு வினோதம் உண்டு. பிரபஞ்சம் விரிவதால் தூரத்து ஒளி நீண்டு வருகிறது. தூசின் ஒளி உச்சம் 100 மைக்ரான் பக்கம் இருக்கும். அது நீண்டு நீண்டு மில்லிமீட்டர் அளவை நெருங்கும். மண்டலம் தள்ளிப் போகப் போக மங்கத்தான் வேண்டும். ஆனால் நீட்சியால் உச்சம் நம் கருவி பார்க்கும் அலைநீளத்தை நோக்கி நகர்ந்து வந்து அந்த நஷ்டத்தை ஈடுகட்டிவிடுகிறது. அதனால் ஒரு மில்லிமீட்டர் பக்கம் பார்த்தால், அருகில் உள்ள தூசு மண்டலமும் அதைவிடப் பல மடங்கு தள்ளியிருப்பதும் கிட்டத்தட்ட ஒரே பிரகாசத்தில் தெரியும். ஹவாயின் மவுனா கியா மலைத் தொலைநோக்கி 1990-களின் கடைசியில் இந்த வழியில்தான், ஹப்பிள் கண்ணுக்குப் படாத மண்டலங்களைத் தேடிப் பிடித்தது. அப்புறம் சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் 5,000 மீட்டர் உயரத்தில், 66 ஆண்டெனாக்களோடு அல்மா என்ற தொலைநோக்கி வந்தது. அதோடு பிள்ளையின் கேள்வி ஒரு தலைவலியாகவே ஆகிவிட்டது.

காரணம், கிடைத்த எண்கள். பிரபஞ்ச வயது 90 கோடிகூட ஆகாத காலத்துக் குவேசார் (நடுவில் உள்ள கருந்துளை பொருளை விழுங்குவதால் மிகப் பிரகாசிக்கும் மண்டலம்) ஒன்றில், கோடிக்கணக்கான சூரியன்களின் எடைக்குத் தூசு இருப்பதை 2003-லேயே கண்டார்கள். 2017-இல் அல்மா ஏ2744_ஒய்டி4 என்ற மண்டலத்தைப் பிடித்தது. அதன் ஒளி கிளம்பியபோது பிரபஞ்சத்துக்கு 60 கோடிச் சொச்சம் வயது. அதில் 60 லட்சம் சூரியன்களின் எடைக்குத் தூசு.

சரி, இனி அடுப்படிக்குப் போவோம். தூசு செய்யக் கரியும் சிலிக்கானும் ஆக்சிஜனும் வேண்டும். இவை நட்சத்திரத்தின் வயிற்றில் வேகின்றன. வெந்தது வெளியே வந்து, 1,500 டிகிரி அளவுக்கு ஆறி, ஆறும்போதும் அணுக்கள் ஒன்றையொன்று முட்டும் அளவுக்கு நெருக்கமாக இருந்தால்தான் துகளாக உறையும். நெருக்கமும் வேண்டும், குளிர்ச்சியும் வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைக்கும் இடங்கள் குறைவு.

இது கண்முன் நடந்ததை நானே ஒருமுறை பார்த்திருக்கிறேன். 2020 பிப்ரவரியில் ஒரு நாள் எங்கள் பல அடுக்குக் கார் நிறுத்துமிடத்தின் மேல்தளத்துக்குப் போய் ஓரியனைத் தேடினேன். அதன் தோளில் இருக்கும் சிவப்பு நட்சத்திரம்தான் நம் திருவாதிரை. வழக்கமாக அடுத்த தோளில் இருப்பதைவிட நன்றாகவே பிரகாசமாக இருக்கும். அன்றைக்கு இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. மூன்றில் ஒரு பங்குக்கு மங்கிவிட்டிருந்தது. வெடிக்கப் போகிறது என்று செய்திகள் கிளம்பின. நடந்தது அதைவிட அடக்கமானது: நட்சத்திரம் ஒரு வாயுக் கட்டியை உமிழ்ந்தது, அது ஆறித் தூசாக உறைந்து முகத்தின் ஒரு பகுதியை மூடிக்கொண்டது. சில வாரங்களில் திரை விலகிவிட்டது. நம் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தே ஒரு தூசு மேகம் பிறந்ததைத் தெரிந்துகொள்ள முடிந்தது என்று நினைத்தால் இப்போதும் சந்தோஷமாக இருக்கிறது.

பால்வெளி மாதிரி வயதான மண்டலத்தில் தூசு சப்ளையில் பெரும்பங்கு, சூரியனைப் போன்றவையும் அதைவிடச் சில மடங்கு கனமானவையும் கடைசிக் காலத்தில் உப்பிப்போய் மெல்ல மெல்ல ஊதித் தள்ளுவதுதான். கரியா, கல்லா என்பதை அங்கே ஒரு சின்னக் கணக்கு முடிவு செய்கிறது. கரியணுவும் ஆக்சிஜனும் முதலில் ஜோடி சேர்ந்து கார்பன் மோனாக்சைடாகிவிடும். அந்த ஜோடியைப் பிரிப்பது கஷ்டம். ஆக்சிஜன் மிச்சமிருந்தால் கல் வகைத் தூசு. கரி மிச்சமிருந்தால் கரித்தூசு.

ஆனால் இவை நிதானமானவை. சூரியனுக்கு 1,000 கோடி ஆண்டு வேண்டும். மூன்று மடங்கு கனமான நட்சத்திரமே முதுமையைத் தொட முப்பது நாற்பது கோடி ஆண்டு எடுக்கும். பிரபஞ்சத்துக்கே 60 கோடி வயது என்றால் இவர்களை நம்பி உலை வைக்க முடியாது.

அவசரக்காரர்கள் வேறு. எட்டு சூரியனுக்கு மேல் கனமானவை மூன்று நாலு கோடி ஆண்டுக்குள், மிகக் கனமானவை முப்பது லட்சம் ஆண்டு வாக்கிலேயே, வாழ்க்கையை முடித்துக்கொண்டு சூப்பர்நோவாவாக வெடித்துவிடும். வெடிப்பில் தூசு உண்டாகுமா, உள்ளதும் எரிந்துபோகுமா என்று ரொம்ப நாள் சந்தேகம் இருந்தது. 1987 பிப்ரவரியில் நம் பக்கத்துக் குட்டி மண்டலமான பெரிய மெகல்லன் மேகத்தில் ஒன்று வெடித்தது. ஏறத்தாழ 500 நாள் கழித்து அதற்குள் தூசு உறையும் அறிகுறி தெரிந்தது. அப்போது அளந்த எடை சூரியனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. இவ்வளவுதானா என்று விட்டுவிட்டார்கள். 2011-இல் ஹெர்ஷல் விண்தொலைநோக்கி அதையே நீண்ட அகச்சிவப்பில் பார்த்தபோது கிடைத்த கணக்கு சூரிய எடையில் 0.4 முதல் 0.7 வரை. குளிர்ந்த தூசு குறுகிய அலைநீளத்தில் கண்ணுக்கே படாது. அந்தத் தூசு வெடிப்பின் மையத்திலேயே இருக்கிறது என்பதை அல்மா பின்னர் உறுதி செய்தது.

அரைச் சூரியன் எடை என்றால் கணக்கு சுலபம் போலத் தெரியும். 60 லட்சம் சூரியன் எடைத் தூசுக்கு ஒன்றரைக் கோடிக்குள் சூப்பர்நோவா போதும்; சுறுசுறுப்பான மண்டலத்துக்கு அது பெரிய காரியம் இல்லை. சிக்கல் அடுத்த கட்டத்தில் வருகிறது. வெடித்துப் பறக்கும் பொருள் சுற்றியுள்ள வாயுவில் மோதும்போது ஓர் அதிர்வலை உள்நோக்கித் திரும்பும். புதிதாக உறைந்த துகள்களை அது அரிக்கும். பொடித் துகள்கள் தப்பாது. கொஞ்சம் பருமனானவை பிழைக்கும். எவ்வளவு பிழைக்கும் என்பதில்தான் ஆளுக்கொரு கணக்கு.

சிலவாவது பிழைக்கின்றன என்பதற்குக் கையில் பிடிக்கும் சாட்சி இருக்கிறது. 1969-இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் ஊரில் ஒரு விண்கல் விழுந்தது. அதை அமிலத்தில் கரைத்துக் கரைத்துக் கடைசியில் நிற்பதைப் பார்த்தால் சிலிக்கான் கார்பைடு துகள்கள். கத்தி தீட்டும் கல்லில் இருக்குமே, அதே பொருள். இவற்றில் சில, சூரியன் பிறப்பதற்கு முன்பே உறைந்தவை; 2020-இல் வெளியான ஆய்வில் சிலவற்றின் வயது 700 கோடி ஆண்டு வரை போனது. அதிலும் ஒரு வகைத் துகளில் கால்சியம்-44 அளவுக்கு மீறி இருக்கிறது. அது டைட்டானியம்-44 சிதைந்து வந்த மிச்சம். டைட்டானியம்-44-இன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், சுமார் 60 ஆண்டுதான், பிறப்பது சூப்பர்நோவாவில். அது உயிரோடு இருக்கும்போதே துகளுக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது என்றால், வெடித்துச் சில பத்தாண்டுக்குள் துகள் உறைந்திருக்க வேண்டும். அப்புறம் அதிர்வலை, நட்சத்திரவெளி, சூரியன் பிறந்த கொந்தளிப்பு எல்லாவற்றையும் தாண்டி ஆய்வுக்கூடம் வரை வந்திருக்கிறது. எந்தத் தொலைநோக்கிப் படத்தைவிடவும் என்னை அசைத்தது இந்தத் துகள்தான்.

இனிதான் முக்கியமான விஷயம். கேள்வியில் 'எங்கிருந்து வந்தது' என்று இருக்கிறது; 'எப்படி வளர்ந்தது' என்றும் கேட்க வேண்டும். மத்திய சேமநிதிக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். மாதாமாதம் போடும் சந்தா, நட்சத்திரங்கள் தரும் புதுத் தூசு. கழிவு, சூப்பர்நோவா அதிர்வலைகள் அழிப்பதும் புது நட்சத்திரங்கள் விழுங்குவதும். நம் பால்வெளிக்கு இந்த வரவு செலவைப் போட்டுப் பார்த்தால் உதைக்கிறது: இருக்கும் தூசு முழுவதையும் நட்சத்திரங்கள் மட்டும் திரும்பச் செய்து முடிக்க 200 கோடி ஆண்டுக்கு மேல் ஆகும், அதிர்வலைகளோ சில பத்துக் கோடி ஆண்டிலேயே அழித்துவிடும். கணக்கு எப்போதோ காலியாகியிருக்க வேண்டும். ஆனால் நட்சத்திரவெளியில் உள்ள இரும்பில் 90 விழுக்காட்டுக்கு மேல் தூசுக்குள்தான் இருக்கிறது. அப்படியானால் வட்டி வருகிறது.

வட்டி வருவது இருண்ட குளிர்ந்த மேகங்களில். அங்கே வாயுவில் திரியும் சிலிக்கான், இரும்பு, கரி அணுக்கள் ஏற்கெனவே இருக்கும் துகள்மேல் வந்து ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டுவதற்கு மேற்பரப்பு வேண்டும். பொடித் துகள்களுக்கு எடைக்கு ஏற்ற மேற்பரப்பு அதிகம். கற்கண்டைவிடப் பொடித்த சர்க்கரை சீக்கிரம் கரைவதும் இதனால்தான். ஆகவே துகள்கள் ஒன்றோடொன்று மோதி உடைவதுகூட நல்லதுக்கே. உடைந்தால் பரப்பு கூடும், பரப்பு கூடினால் அணுக்கள் வேகமாக ஒட்டும், வளர்ந்தவை மறுபடி மோதி ஒன்றாகும். வட்டி குட்டி போடும் என்பார்களே, அது.

ஆனால் முதல் இல்லாமல் வட்டி இல்லை. வாயுவில் கனமான தனிமங்கள் ஒரு அளவுக்குச் சேர்ந்த பிறகுதான், சூரியனில் இருப்பதில் பத்தில் ஒன்று அல்லது ஐந்தில் ஒன்று என்ற அளவுக்கு வந்த பிறகுதான், இந்த வளர்ச்சி சூடுபிடிக்கும் என்று கணக்குகள் சொல்கின்றன. பக்கத்து வீட்டிலேயே இதற்கு உதாரணம் உண்டு. ஐ ஸ்விக்கி 18 என்ற குட்டி மண்டலத்தில் கனமான தனிமங்கள் மிகக் குறைவு. அந்த விகிதத்தில் குறைந்திருந்தால்கூடப் பரவாயில்லை, தூசு அதையும்விட மிக மோசமாகக் குறைந்திருக்கிறது. சந்தா மட்டும் வரும், வட்டி இன்னும் தொடங்காத கணக்கு.

இதற்கு எதிர்க்கட்சியும் உண்டு. ஆதிகாலத்தில் பிரபஞ்சமே வெதுவெதுப்பாக இருந்தது. 80 கோடி வயதில், பெருவெடிப்பின் மிச்சமான பின்னணிக் கதிர்வீச்சின் வெப்பம் 21 கெல்வின், இன்றைக்கு 2.7. தூசு அதைவிடக் குளிர முடியாது. புற ஊதா ஒளியும் கடுமை. அணு வந்து ஒட்டினாலும் நிற்காமல் பிய்ந்துபோகலாம், அல்லது பனிப்படலமாக மேலே படிந்து வெளிச்சத்துக்கு வந்ததும் ஆவியாகலாம் என்பது அவர்கள் வாதம். வாதத்தில் வலு இருக்கிறது. ஆனாலும் சூப்பர்நோவா விதை போட, மேகங்கள் பயிரை வளர்த்தன என்பதே எனக்கு நம்பத்தக்கதாகத் தெரிகிறது. சந்தாவை மட்டும் வைத்து அந்தப் பெரிய குவேசார் கணக்கை ஒப்பேற்ற, ஒவ்வொரு சூப்பர்நோவாவும் துளியும் சேதமில்லாமல் தூசைக் கரைசேர்க்க வேண்டியிருக்கும்.

ஜேம்ஸ் வெப் விண்தொலைநோக்கி வந்தபின் கதையில் இரண்டு திருப்பங்கள். 2023-இல் அது 80 கோடி வயதுப் பிரபஞ்சத்து மண்டலம் ஒன்றின் ஒளியில், 217.5 நானோமீட்டர் அலைநீளம் பக்கம் ஒளி குறைந்துபோகும் ஒரு பள்ளத்தைக் கண்டது. நம் பால்வெளியில் 1965 முதல் தெரிந்த பள்ளம்தான். கரித்துகள்களின் கைரேகை என்று கருதப்படுவது. நிதானக்காரர்கள் கரி செய்து முடிக்க நேரமில்லாத காலத்தில் அது அங்கே எப்படி? சூப்பர்நோவா, அல்லது வுல்ஃப்-ரயே எனப்படும் கடும் காற்று வீசும் கன நட்சத்திரங்கள் என்று சந்தேகப்படுகிறார்கள். அந்த வகையில் டபிள்யூஆர் 140 என்ற ஜோடி, எட்டு ஆண்டுக்கு ஒருமுறை நெருங்கி வந்து ஒரு கரித்தூசு வளையத்தை விடுகிறது. வெப் எடுத்த படத்தில் பதினேழு வளையம் எண்ணினார்கள், மரத்தின் ஆண்டு வளையம் போல. அதே 2023-இல் இன்னொரு மண்டலத்தில், 150 கோடி வயதுக்குள்ளான காலத்தில், பல வளைய ஹைட்ரோகார்பன் மூலக்கூறுகள் பிடிபட்டன. சாத்தே சுடும் கரியடுப்பின் புகையிலும், சுமத்ரா புகையிலும் இருப்பவற்றின் குடும்பம். புகை என்றே சொல்லியிருக்கலாம் என்று முதலில் சொன்னது இதற்காகவும்தான்.

இரண்டாவது திருப்பம் நேரெதிர். பிரபஞ்சத்தின் முதல் 50 கோடி ஆண்டுக்குள் வெப் கண்ட பிரகாசமான மண்டலங்கள் பலவும் பளிச்சென்று நீலமாக இருக்கின்றன. நீலம் என்றால் தூசு மிகக் குறைவு. இளம் நட்சத்திரங்களின் ஒளி அழுத்தமே தூசை வெளியே ஊதிவிட்டது என்பது ஒரு விளக்கம். அதிர்வலை அழித்துவிட்டது, வட்டி இன்னும் தொடங்கவில்லை என்பது இன்னொன்று. பிந்தையது என் கட்சிக்குச் சாதகம் என்பதால் அதன்மேல் எனக்குக் கொஞ்சம் பாசம் அதிகம், அதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆக, பிள்ளைக்கு: நீ நினைத்தது சரிதான், ஹைட்ரஜனை வைத்துத் தூசு செய்ய முடியாது. முதல் தலைமுறைக் கன நட்சத்திரங்கள் சில பத்து லட்சம் ஆண்டில் கரியையும் ஆக்சிஜனையும் சமைத்து வெடித்தன. விதை அதில் வந்தது, மிச்சத்தை மேகங்கள் வளர்த்தன.

நேரில் பார்க்க வேண்டுமென்றால் ஜூன், ஜூலையில் இரவு பத்து மணிவாக்கில் தெற்கே நல்ல உயரத்தில் பார்க்கச் சொல்லுங்கள். விருச்சிகத்தின் நடுவே சிவப்பாக ஒன்று இருக்கும், நம் கேட்டை நட்சத்திரம். நம் ஊர் விளக்கு வெளிச்சத்தையும் மீறித் தெரியும். அதைச் சுற்றி இப்போதும் தூசு உறைந்துகொண்டிருக்கிறது. பிளாக்குக்குக் கீழே விளக்கு அதிகம், கார் நிறுத்துமிடத்தின் மேல்தளத்துக்கே கூட்டிப்போங்கள்.